ஆஸ்பத்திரியில் சலித்த எரு

செல்லாயி காய்ந்த ஆட்டெருவை உள்ளங்கையால் நசுக்கிச் சல்லடையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் பிரசவ வார்டு ஆயா. இருமல் கஷாயத்துக்கென்று டாக்டரம்மா சீமையிலிருந்து விதை வரவழைத்து முளைக்க வைத்த தைம் என்னும் மூலிகை நாற்றுகள் தொட்டி மாறக் காத்திருந்தன.

"மணல், பொடிக்கல், கொஞ்சம் பழைய சுண்ணாம்புக் காரை போதும். எரு கூடாது, செடி கெட்டுவிடும்" என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். தோட்டங்காட்டு வேலையில் வளர்ந்த செல்லாயிக்கு மனசு கேட்கவில்லை. எருவில்லாமல் ஒரு செடியா? அவருக்குத் தெரியாமல் முந்தின நாளிலிருந்து கிணற்றடியில் சலித்து வந்தாள்.

வேலியோரம் பக்கத்துத் தெருக் குப்பாயி வந்து நின்றாள், கையில் கொட்டாங்குச்சியோடு. அவள் தம்பிக்கு அந்த வாரம்தான் வீட்டிலேயே ஆண் குழந்தை பிறந்திருந்தது.

"ஏனுங்கக்கா, இந்த எருவுல இன்னுங் கொஞ்சம் எடுத்துக்கட்டுங்களா? நேத்தும் ஒரு கை அள்ளிட்டுப் போனனுங்க."

"ஆட்டுப்புழுக்கையத் திருடறவள இப்பத்தான் பாக்கறேன்" என்று சிரித்தாள் செல்லாயி. "உங்க பட்டியில இல்லாததா?"

"எங்கூட்டுது கட்டி கட்டியா இருக்குதுங்க. இது மாவாட்டம். ஆஸ்பத்திரியில சலிச்சது, சுத்தமாத்தான இருக்கும்? தம்பி பையன் தொப்புளுக்கு வெச்சேன், நல்லாக் காயுது."

செல்லாயியின் கை சல்லடையிலேயே நின்றுவிட்டது. ரணஜன்னி கண்டு, தாடை பூட்டி, முலையை உறிஞ்ச முடியாமல், உடம்பு வில்லாய் வளைந்து போன குழந்தைகளை அவள் வார்டில் பார்த்திருக்கிறாள். தொப்புளில் சாணமோ எருவோ வைக்காதே என்று எத்தனையோ தாய்மாரிடம் சொன்னவள். இது அவள் கையால் சலித்த எரு.

"புள்ள பால் குடிக்கிறானா?" சல்லடையைக் கீழே வைத்தாள்.

"குடிக்கிறானுங்க. ஏனுங்க, மொகம் இப்படிப் போகுது?"

"கொட்டாங்குச்சியக் கீழ போடு. புள்ளையத் தூக்கிட்டு ஓடியா, ஓடு சாமி!"

டாக்டரம்மாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் உடனே ரணஜன்னிக்கான ஊசி மருந்தை எடுத்தார். செல்லாயி முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, குப்பாயி தூக்கி வந்த குழந்தையின் தொப்புளைக் கழுவி ஸ்பிரிட்டால் துடைத்தாள்.

"தாயும் பிள்ளையும் வார்டிலேயே இருக்கட்டும். பால் குடிப்பதை நிறுத்துகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலை செல்லாயி முதலில் அந்தக் கட்டிலுக்குப் போனாள். குழந்தை விடாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. வாயை எடுக்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு கிணற்றடி எருவை ஒரு பிடி மிச்சமில்லாமல் கூடையில் அள்ளி, சோளக்காட்டில் குழி வெட்டி மூடினாள். கை கழுவி வந்து, மணலும் பொடிக்கல்லும் காரையும் மட்டும் கலந்து தொட்டிகளை நிரப்பினாள்.