வீட்டு நம்பர் இல்லாத ரசீது

காலை மணி அடிக்கப் போன நேரத்தில்தான் செய்தி வந்தது. பொன்னேரியிலிருந்து ரயிலில் வரும் பெரிய டீச்சர், செல்போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்குள் வந்தார்கள்.

"அஞ்சலை, மணி அடிக்காத. மாசிலாமணி போயிட்டாராம். ஷிப்ட் முடிஞ்சு சைக்கிள் எடுக்கப் போனவர், ஸ்டாண்டுலயே நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்துட்டாராம்."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் ஒரு ஆளைக் காட்ட முடியாது. என் மேலும் உண்டு.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். மூன்றாவதோடு நின்றவள். தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

மாசிலாமணி அண்ணனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் கம்பெனியில் உலைக்கு முன்னால் நிற்கிற வேலை பார்த்தார். காண்ட்ராக்ட் ஆள். அவருடைய எந்தச் சட்டையை எடுத்தாலும் தீப்பொறி பட்டுச் சின்னச் சின்ன ஓட்டையாக இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராகவும் இருந்தார். அவர் மகள் ஐந்தாவது முடித்துப் போன பிறகும் அவர் போகவில்லை. கேட்டால், "எம் பொண்ணு போயிட்டா இஸ்கூலு கூடவா போயிடும்?" என்பார்.

மகளைச் சேர்க்க முதல் நாள் வந்தபோது ஜன்னல் வழியாகவே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். நாலாவதுக்குக் கணக்குப் போட்டுவிட்டு ஒன்றாவதுக்கு ஓடுவார்கள்.

"இன்னா டீச்சர், பஸ் கண்டக்டராட்டம் முன்னாடியும் பின்னாடியும் ஓடிக்கினு கீறீங்க?"

பெரிய டீச்சர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது டீச்சர் வேண்டும் என்று அன்றைக்கு அவர் மனதில் விழுந்ததுதான். சாகிற வரைக்கும் அதை அவர் விடவில்லை.

அரசாங்கத்துக்கு மனு எழுதினோம். பிள்ளைகள் எண்ணிக்கை போதாது என்று பதில் வந்தது. ஊரே சேர்ந்து ஆரம்பாக்கத்திலிருந்து வனிதா டீச்சரை வைத்தது. சம்பளத்துக்கு ஊரில் ஒரு வழி செய்தார்கள். வீட்டு வரி கட்ட வருகிறவர்கள் கூடவே பள்ளிக்கூடப் பங்கும் கட்ட வேண்டும். கட்டினால்தான் ஊராட்சி கிளார்க் ரசீதைக் கிழித்துக் கொடுப்பார்.

அந்த ரசீது எங்களுக்கு என்னவென்று சொல்ல வேண்டும். நாங்கள் ஏரிக்கரைப் புறம்போக்கில் இருக்கிறவர்கள். பட்டா கிடையாது. இந்த ஊரில் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லும் ஒரே காகிதம் வீட்டு நம்பர் போட்ட அந்த ரசீதுதான். கரண்டு கேட்டாலும் அதுதான், ரேஷன் கார்டு கேட்டாலும் அதுதான். அதனால் என்ன கேட்டாலும் கட்டினோம். குடிசைக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே பங்கு. கம்பெனிச் சுவர் எங்கள் ஏரியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆனால் அந்த இடம் பக்கத்து ஊராட்சியில் சேர்ந்தது. புகை எங்களுக்கு, வரி அவர்களுக்கு. அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் மாடி வைத்துவிட்டது.

ஒரு மழைக்காலத்தில் வேலை இல்லாமல் போனது. பக்கத்து வீட்டு சரோஜாவால் பங்கு கட்ட முடியவில்லை. கிளார்க் ரசீது தரவில்லை. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளையையே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டாள். இதைக் கேட்டு அண்ணன் முகம் இறுகிப் போனது. அடுத்த கிராம சபையில் எழுந்து நின்றார்.

"ஊட்டு வரி வேற, இஸ்கூலு வேற. ரெண்டையும் முடிச்சிப் போடாதீங்கோ. ஓலை ஊட்டப் பாத்துக் கைய நீட்றீங்களே, அந்தக் கம்பெனி கேட்டப் பாத்து நீட்டுங்களேன். அங்க வேல செய்றவன் புள்ளதான இங்க படிக்குது?"

"அதுவரிக்கும் டீச்சருக்கு யாரு குடுப்பா? உங்க நைனாவா?" என்றார் கிளார்க்.

"எங்க நைனா கூலிக்காரரு. அவரு பேர இழுக்காத. கவர்மெண்டு குடுக்கட்டும், கம்பெனி குடுக்கட்டும். அதுவரிக்கும் முடிஞ்சவன் முடிஞ்சத மனசாரக் குடுப்பான். நம்ம ஜனம் குடுக்கும்யா!"

பங்கை எடுத்துவிட்டுத் தீர்மானம் போட்டார்கள். ஏரிக்கரைப் பெண்கள்தான் அதிகம் கைதட்டினோம். சரோஜா விசிலே அடித்தாள்.

அதோடு அவர் நிற்கவில்லை. வேலை போகும் என்று தெரிந்தே அவர் கம்பெனியில் மனு கொடுத்தார். சில மாதம் கழித்து இரண்டு கார் வந்தது. பிள்ளைகளுக்கெல்லாம் கம்பெனி பேர் போட்ட பை கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அண்ணன் மேலதிகாரி பக்கத்திலேயே போய் நின்று, "பை ஜோரா கீது சார். இத மாட்டிக்கினு வந்து புள்ளைங்க யாருகிட்ட படிக்கும்?" என்று கேட்டார். அதிகாரி போட்டோக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த மாதம் முழுக்க அண்ணனுக்கு ஷிப்ட் கொடுக்கவில்லை. திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க எத்தனை தடவை பஸ் ஏறினாரோ! கொண்டுவந்த பதிலில் எல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்ற வார்த்தை மட்டும் எனக்கே மனப்பாடம்.

அரசாங்கம் இலவச கலர் டி.வி. கொடுத்த வருஷம் அது. பொன்னேரியில் சொந்தச் செலவில் ரசீது புத்தகம் அச்சடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார். என் வாசலுக்கும் வந்தார்.

"அஞ்சல, உன்னால முடிஞ்சது."

நான் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஊட்டு நம்பர் எங்கண்ணே?"

"இது ஊட்டுக்கு இல்லம்மா. டீச்சருக்கு."

"நம்பர் இல்லாத ரசீது எங்கண்ணே செல்லும்? நீயே பேனாவால போட்டுக் குடேன், குடுக்கறேன்."

"போட்டா நீ அத ஆபீசுல காட்டுவ. அவன் செல்லாதும்பான். உன்ன ஏமாத்தியா டீச்சருக்குச் சம்பளம் குடுக்கச் சொல்ற?"

"அப்போ அடுத்த மாசம் பாக்கலாம்ணே."

அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். நான் உள்ளேயே இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன். ஏரிக்கரை முழுக்க இதே கதைதான். ஊர்க்காரர்கள் இத்தனை வருஷம் கொடுத்தது பள்ளிக்கூடத்துக்கு என்று அவர் நம்பியிருந்தார். நாங்கள் கொடுத்தது ரசீதுக்கு. அந்த ஒன்றை மட்டும் அவர் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார். நல்லவர்கள்தான் இந்த மாதிரித் தப்பு செய்வார்கள்.

வனிதா டீச்சர் சம்பளம் இல்லாமல் ஐந்து மாதம் வந்தார்கள். பிறகு தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். போகிற அன்றைக்கு அண்ணன் பள்ளிக்கூட வாசலில் நின்று, "என்ன மன்னிச்சிடும்மா" என்று கும்பிட்டார். பழைய மாதிரி ரசீதோடு சேர்த்துவிடலாமே என்று கிளார்க் கேட்டதற்கு, "டீச்சரும் வேணும், சரோஜா பொண்ணும் வேணும். ஒண்ண வித்து ஒண்ணு வாங்கறது நியாயமில்ல" என்றார். அதற்கப்புறமும் அந்தப் புத்தகம் சைக்கிள் கேரியரிலேயே இருந்தது.

சாவுக்குக் கம்பெனியிலிருந்து பெரிய மலர் வளையம் வந்தது. பையில் போட்ட அதே பேர் அதிலும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பால் ஊற்றி முடித்த பிறகு அண்ணியிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். பாதிக்கு மேல் கிழிக்காமலே இருந்தது. நேராக சரோஜா வீட்டுக்குப் போனேன். அவள் பெண் இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படிக்கிறாள். இரண்டாவது டீச்சரை மறுபடி வைக்கப் பணம் சேர்க்கிறேன் என்று சொன்னேன். சரோஜா தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இன்னாக்கா, இதுல ஊட்டு நம்பர் இல்ல?"

என் கையில் பேனா இருந்தது. அவள் வீட்டு நம்பரும் எனக்குத் தெரியும். போடவில்லை.

"இது ஊட்டுக்கு இல்லடி. டீச்சருக்கு."

அவள் தாளோடு உள்ளே போனாள். கொண்டுவரப் போனாளா, வராமல் இருக்கப் போனாளா, தெரியவில்லை. நான் வெயிலில் நின்றேன். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

என் வாசலில் நீங்கள் எத்தனை நாள் இப்படி நின்றீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது அண்ணே. நீங்கள் உட்காருங்கள். இனிமேல் நான் நிற்கிறேன்.