கத்தரி முனை காட்டிய புள்ளி

நான் இயற்பியல் வாத்தியார். ஒரு கோடை விடுமுறையில் எனக்கொரு கிறுக்குப் பிடித்தது. வானத்தின் ஒரே துண்டைச் சில வருட இடைவெளிகளில் எடுத்த அகச்சிவப்புப் படங்களை ஆராய்ச்சிக்காரர்கள் இணையத்தில் போட்டிருந்தார்கள். அவை மாறி மாறி ஓடும்போது எந்தப் புள்ளி இடம் நகர்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். அப்படி நகரும் மங்கல் புள்ளி, நமக்குப் பக்கத்திலிருக்கும் பழுப்புக் குள்ளனாக இருக்கலாம். நட்சத்திரமாகிற அளவுக்கு எடை சேராமல் ஆறிக்கொண்டே போகிற ஒன்று அது. கண்ணுக்குத் தெரியாது, அதன் வெதுவெதுப்புதான் படத்தில் விழும்.

ஓடைப்பட்டித் தோட்டத்து வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியோடு உட்காருவேன். பக்கத்தில் என் அண்ணன் மனைவி, திராட்சைக் குலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கெட்ட பழங்களைக் கத்தரியால் நறுக்கிவிட்டுப் பெட்டியில் அடுக்குவார். ஒருநாள் நான் அடுத்த படத்துக்குப் போகவிருந்தபோது திரைமேல் அந்தக் கத்தரி முனை நீண்டது.

“தம்பி, இங்கன ஓரத்துல ஒண்ணு நகருது பாருங்க.”

“அது படத்துல உள்ள அழுக்கு மதினி.”

“அழுக்கு எப்பவும் ஒரே பக்கமாவா நகரும்?”

படங்களை மறுபடியும் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். மதினி சொன்னது சரி.

அனுப்பும் படிவத்தில் ‘உடன் கண்டவர்கள்’ என்றொரு கட்டம் இருந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்றவர் பெயரைப் போட்டால் என் கெத்து என்ன ஆவது? ‘யாரும் இல்லை’ என்று தட்டினேன். அவ்வளவு அற்பன் நான்.

மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. பெரிய தொலைநோக்கியால் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள், அது பழுப்புக் குள்ளன்தான். கண்டுபிடித்தவர் பட்டியலில் என் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சால்வை போர்த்தினார்கள். கூர்ந்து பார்க்கும் பழக்கம் வேண்டுமென்று மாணவர்களுக்குக் கூசாமல் புத்தி சொன்னேன். முன்வரிசையில் மதினி கைதட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், “எங்க கொழுந்தனாருதான் கண்டுபிடிச்சாக” என்று பெருமையாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, கூட நானும் பாத்தேன்னு அதுல எங்கயாச்சும் போட்டிருக்கா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“அதுக்கு அதுல இடமில்ல மதினி.”

முகத்தைப் பார்க்க முடியாமல் மடியிலிருந்த சால்வையை மடித்தேன். மதினி என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“அதுக்கு ஏன் நீங்க சங்கடப்படுறீக? அவுகளும் எத்தனை பேரத்தான் எழுதுவாக.”