கோடு நகர்ந்த மேட்ச்

எங்கள் ஊரில் இன்றைக்கும் எவனாவது பார்க்காமல் நடந்து எதிலாவது முட்டிக்கொண்டால், "என்னடா, கோட்டான் ஆயிட்டியா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். எத்தனையோ வருஷமாகக் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சி வரைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பெயர் எப்படிக் கெட்டுப்போனது என்று சிரிக்கிறவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கால்பந்து கிளப்பில் மைதானம் என் பொறுப்பு. புல் வெட்ட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், மேட்சுக்கு முன்னால் முளை அடித்துக் கயிறு கட்டி வெள்ளைக்கோடு போட வேண்டும். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் நான் போட்ட கோடு கோணலாக இருந்ததாக ஒருத்தன் சொல்லட்டும்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் எங்கள் இடது விங்கர். கிளப் இருந்தது மூன்றாம் டிவிஷனில். அழுக்குச் சட்டையை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக்கொள்கிற டிவிஷன். மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனின் ஓட்டத்தைப் பார்த்துக் கூட்டி வந்தார்கள். வந்த நாளிலிருந்து ஓரக்கோட்டை ஒட்டியேதான் ஓடுவான். பந்து வெளியே போய்விடும் போய்விடும் என்று நாம் எழுந்து நிற்போம், போகாது. கோட்டில் ஓடுகிறவன் என்று ரசிகர்கள் ஆசையாக வைத்த பெயர் கோட்டான். ஆந்தைக்கும் அதுதான் பெயர் என்பது அவனுக்கு மட்டும் உறுத்தியது.

"வைக்கிறதுதான் வைக்கிறாங்க, சிறுத்தைன்னு வச்சா கொறஞ்சா போயிருவாங்க? நீங்களே சொல்லுங்கண்ணே."

"உன் மூஞ்சிக்குச் சிறுத்தை கேக்குதாக்கும்" என்பேன்.

அவன் குனிந்து கோட்டைப் பார்த்து நான் கண்டதே இல்லை. ஒருநாள் கேட்டேன்.

"குனிஞ்சா டிஃபெண்டர் பந்தைத் தட்டிக்கிட்டுப் போயிருவான்ணே. ஓரக்கண்ல அந்த விளம்பரப் பலகை தெரியுதில்ல, அதை வச்சுத்தான் கோடு எங்கன்னு கணக்கு."

அவன் வீட்டுக்காரி தையல் கடையில் வேலை பார்த்தாள். மாமனார் வெளியூரில் லாரி ஷெட் வைத்திருந்தவர். பந்துக்குப் பின்னால் ஓடுகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று அவருக்குத் தீராத எரிச்சல். கடைசியில் அவளே முடிவாகச் சொல்லிவிட்டாள்: இந்த வருஷமும் கிளப் ஒப்பந்தம் போட்டால் இங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் அப்பாவின் ஷெட்.

அந்த வருஷம்தான் புதுக் கோச் வந்து சேர்ந்தார். கடைசி மேட்ச் ஜெயித்தால் இரண்டாம் டிவிஷன். எதிரணியில் இரண்டு ஓரத்திலும் காற்றாய்ப் பறக்கிற பையன்கள். மேட்சுக்கு முந்தின நாள் கோச் என்னிடம் வந்தார்.

"ரெண்டு பக்கக் கோட்டையும் உள்ள தள்ளிப் போடு. அவனுங்களுக்கு ஓட எடம் இருக்கக் கூடாது."

விதியில் அதற்கு இடம் உண்டு. அகலம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல் இருந்தால் சரி.

"சார், நம்ம ஆளும் ஓரத்துலதானே பொழப்பு நடத்துறான்? கணுக்கால் சுளுக்குன்னு அவன் இந்த வாரம் மைதானத்துப் பக்கமே வரலியே. அவனுக்கு யார் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். நீ பெயிண்ட் டப்பாவைப் பாரு."

பழைய கோட்டைச் சுரண்டி அழித்துவிட்டுப் புதுக்கோடு போட்டேன். கோடு உள்ளே வந்தது. விளம்பரப் பலகை இருந்த இடத்திலேயே இருந்தது.

மேட்ச் கடைசிவரை கோல் இல்லாமல் இழுத்தது. முடியப் போகிற நேரத்தில் அவனை இறக்கினார்கள். காலுக்கு வந்த முதல் பந்தை எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஓரத்தில் பறந்தான். டிஃபெண்டர் வழுக்கி விழுந்தான். இவன் பந்தை உயர்த்திக் கொடுத்தான், நடுவில் நின்றவன் தலையால் முட்டினான், கோல்! மைதானமே எழுந்து குதித்தது. லைன்ஸ்மேன் கொடியை உயர்த்தி நின்றார். பந்து முன்பே கோட்டைத் தாண்டிவிட்டதாம். தாண்டித்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது.

"டேய் கோட்டான்! பகல்ல கண்ணு தெரியலியாடா?"

எவனோ ஒருத்தன் ஆரம்பித்தான். பிறகு மொத்தக் கூட்டமும் ஆந்தை மாதிரி அலற ஆரம்பித்தது. அவன் பலகையைப் பார்த்தான், காலடியைப் பார்த்தான், திரும்பவும் பலகையைப் பார்த்தான். மேட்ச் டிராவில் முடிந்தது. அதே டிவிஷனில் கிடந்தோம்.

கோச் அவனிடம் சொல்லவே இல்லை. மறந்தாரோ, சப்ஸ்டிட்யூட்டுக்கு எதற்கு என்று விட்டாரோ, அது அவருக்கே வெளிச்சம். மறுநாள் பேப்பரில் சொல்லியிருந்தார்: "கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?" அச்சில் வந்த பிறகு யார் பேச்சு எடுபடும்?

கிளப் செயலாளரிடம் போனேன்.

"சார், கோட்டை நகத்தச் சொன்னது அவரு. அவன்கிட்ட சொல்லாம விட்டதும் அவருதான்."

"நகத்துனது யாரு? நீதானே? வாயை மூடிக்கிட்டுப் போய்யா. இல்லேன்னா உனக்கும் வேற வேலை தேட வேண்டியிருக்கும்."

நான் மூடவில்லை. சலூனில் சொன்னேன், பஸ் ஸ்டாண்டில் சொன்னேன். "கோடு நகருமாய்யா? அதென்ன பாம்பா?" என்று என்னையே கிண்டல் அடித்தார்கள். கோச்சுக்குப் பெரிய கிளப்பில் வேலை கிடைத்தது. இவனுக்கு ஒப்பந்தம் இல்லை என்று ஆபீஸ் வாசலில் நிற்கவைத்தே சொல்லி அனுப்பினார்கள். உழைத்த காலுக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

அவன் வீடு காலி செய்யும் அன்றைக்குச் சாமான் ஏற்றப் போனேன். மாமனாரின் லாரி வாசலில் நின்றது. பீரோவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். மாடியில் அவன் வீட்டுக்காரி பாத்திரங்களைப் பெட்டிக்குள் போடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"என்ன தம்பி, பாத்திரம் இந்தப் போடு போடுது?"

"பேசுறதில்லண்ணே. பேப்பரைப் படிச்சதுலேர்ந்து இப்படித்தான். 'இத்தன வருஷம் ஓடுன எடத்துல கோடு எங்கன்னு தெரியாதா'ன்னு ஒருதடவ கேட்டா. அதோட சரி."

"நடந்ததை நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். தோத்தவன் ஆயிரம் சாக்கு சொல்லுவான்னுட்டா." பீரோவின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். "ஊர் எப்படியோ போகட்டும்ணே. இவ நம்பணும். கோட்டைப் போட்டவரு நீங்க. மேல போய் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் அப்போதே படியில் கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, கோச்சைத் திட்டாம சொல்லுங்க. நீங்க திட்ட ஆரம்பிச்சீங்கன்னா, எனக்காகப் பேச வந்த ஆளுன்னு நெனச்சிருவா."