பேர் மாறுனா முதல்லேர்ந்து

அண்ணே செத்தப்ப அவன் பேக்ல லேப்டாப் இருந்துச்சு. மழை, மோட்டர் சைக்கிள், பெட்டாலிங் ஜெயாவுல ஒரு கல்யாணத்த முடிச்சிட்டு கிள்ளானுக்கு வர்ற வழி. அதுக்கு மேல எனக்கு எழுத வரல. பேக் மட்டும் எங்ககிட்ட குடுத்தாங்க. உள்ள எல்லாம் ஈரம். அம்மா அத அரிசி டப்பாவுல போட்டு வெச்சாங்க. போன் நனைஞ்சா அப்படித்தானே செய்வோம். லேப்டாப் டப்பாவுக்குள்ள பாதிதான் போச்சு, மீதி வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. யாருக்கும் சிரிப்பு வரல.

காஞ்சதுக்கு அப்புறம் அது ஓடுச்சு. ஆனா உள்ளேர்ந்து டிக் டிக்னு ஒரு சத்தம். ஒயர் குத்துற ஓட்டை எதுவும் வேல செய்யல, பென்டிரைவ் போட்டாலும் கண்டுக்கல.

எனக்கு அந்த லேப்டாப் வேணும்னு இல்ல. அதுல இருக்கற வீடியோதான் வேணும். அண்ணே பகல்ல லோரி ஓட்டுவான், சனி ஞாயிறு கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பான். அவன் எடுத்ததுல எதுலயும் அவன் இருக்க மாட்டான், கேமராவுக்கு பின்னாடிதானே நிப்பான். குரல் மட்டும் கேக்கும். "ஆன்டி இந்தப் பக்கம் வாங்க." "பாஸ், பொண்ண பாருங்க, என்ன பாக்காதீங்க." கஸ்டமருக்கு குடுக்கறப்ப அந்தக் குரல எல்லாம் வெட்டிட்டு பாட்டு போட்டுடுவான். வெட்டாத ஒரிஜினல் எல்லாம் இந்த லேப்டாப்ல மட்டும்தான். ஊர்ல எத்தனையோ வீட்டுல அவன் எடுத்த கல்யாணம் இருக்கு, அவன் குரல் ஒரு வீட்டுலயும் இல்ல.

பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ரிப்பேர் கடைக்கு தூக்கிட்டுப் போனேன். கடைய பாக்கறது ஒரு ஆன்டி. தொட்டுப் பாத்துட்டு கைய எடுத்துட்டாங்க.

"என்ன தம்பி இது, லேப்டாப்பா இட்லி சட்டியா?"

"டிஸ்க கழட்டி காப்பி பண்ண முடியுமா ஆன்டி?"

"முடியும். ஆனா கழட்டுனா திரும்ப ஓடும்னு நான் சொல்ல மாட்டேன். ஓடலன்னா நீ இங்க வந்து அழுவே, எனக்கு அது ஆகாது. வைஃபைல எடு லா. மெதுவா போகும். போறவரைக்கும் போகட்டும்."

வீட்டு மோடம்கூட சேத்து வெக்கற டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். லேப்டாப் வைஃபை வழியா அதுக்குள்ள ஒவ்வொரு கல்யாணமா அனுப்பும். நான் பள்ளிக்கூடத்துல படிவம் மூணோட நின்னவன், டயர் கடையில வேல. ஸ்கிரீன்ல வர்ற இங்கிலீஷ எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பொத்தானுக்கு மேல என்ன எழுதியிருந்தாலும் ஓகேன்னு அமுக்கிடுவேன். அப்படி அமுக்கியே அத ஓட வெச்சிட்டேன். ஃபேன லேப்டாப் பக்கம் திருப்பி வெச்சிட்டு வேலைக்குப் போனேன்.

அன்னிக்கு சாயந்தரம் வந்தப்ப அம்மா டிவி முன்னாடி உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தாங்க. சீரியல் ஓடுது. ஆனா சீரியலுக்கு அழல. லேப்டாப்ப போட்டு வெச்சா டிவி மூலையில ஒரு சின்ன பெட்டி வரும், இன்னார் கம்ப்யூட்டர் கனெக்ட் ஆயிடுச்சுன்னு. அண்ணே அவன் பேரத்தான் அதுக்கு வெச்சிருந்தான். சீரியலுக்கு நடுவுல அந்தப் பேர் வந்து நின்னுச்சாம்.

"வாசல்ல வந்து நிக்கற மாதிரி இருக்குடா" அப்படின்னாங்க அம்மா.

நான் லேப்டாப் பேர மாத்திட்டேன். என் பேர போட்டேன். இனிமே டிவியில என் பேர் வரட்டும், நான்தான் உயிரோட இருக்கேனே.

மறுநாள் பாத்தா காப்பி முதல்லேர்ந்து ஓடிக்கிட்டு இருக்கு. முந்தின நாள் அத்தன நேரம் போனது எங்க போச்சுன்னு தெரியல. அம்மா மேலதான் எனக்கு சந்தேகம். இடி இடிச்சா எங்க வீட்டுல மோடம் சுவிச்ச அமத்தாம விட மாட்டாங்க. முன்னாடி ஒருதடவ இடி விழுந்து டிவியும் மோடமும் ஒண்ணா போனதுலேர்ந்து அப்படி.

"அம்மா, நேத்து அமத்துனீங்களா?"

"இடிச்சுச்சு, அமத்துனேன்."

"அமத்துனா அது முதல்லேர்ந்து போகுதும்மா."

"வீட்டுல இன்னொரு தடவ இடி விழணுமா உனக்கு?"

சுவிச்சு மேல டேப்ப ஒட்டிட்டேன். அம்மா அதுக்கப்புறம் இடிச்சப்பல்லாம் மோடம் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டாங்க, அவங்க உக்காந்தா இடி வராதுங்கற மாதிரி.

அந்த வாரம் நல்லா ஓடுச்சு. வேலையிலேர்ந்து வந்து கை கழுவறதுக்கு முன்னாடியே ஸ்கிரீனத்தான் பாப்பேன். கோடு நீண்டுக்கிட்டே போகுது. பாதிய தாண்டிடுச்சு. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வந்தேன். கோடு காணோம். முதல் கல்யாணத்துல நிக்குது. டிவியில பாத்தா அண்ணே பேர்.

நான் படிக்காதவன்தான், பேய் பிசாசுல நம்பிக்க இல்லாதவன்தான். ஆனாலும் அன்னிக்கு அந்தப் பேர பாத்துட்டு, "என்னடா உனக்கு வேணும்"னு வாய் விட்டு கேட்டுட்டேன். அம்மா அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்தாங்க. ஈரம் பட்ட மிஷின், தானா பழைய பேருக்குப் போயிடுதுன்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டு, திரும்ப என் பேர போட்டேன். திரும்ப முதல்லேர்ந்து. அடுத்த வாரமும் இதே கத. டிக் டிக் சத்தம் அடிக்கடி வர ஆரம்பிச்சிடுச்சு. ஒவ்வொரு தடவையும் முதல் கல்யாணத்தையே தேய்ச்சுக்கிட்டு இருந்தா, மீதி கல்யாணம் வரைக்கும் லேப்டாப் டிஸ்க் உயிரோட இருக்குமான்னு பயம் வந்துடுச்சு.

அண்ணே கருமாதி முடிஞ்சதும் அண்ணி ஜெஞ்சாரோம்ல இருக்கற அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமையில வருவாங்க. வந்து அம்மாவுக்கு சமைச்சு வெச்சிட்டு, அண்ணே ரூம்ல கொஞ்ச நேரம் இருந்துட்டு, பஸ்ஸுக்குப் போயிடுவாங்க. நான் ஞாயித்துக்கிழமையும் கடைக்குப் போயிடுவேன். உண்மைய சொன்னா அண்ணி மூஞ்சிய பாக்க முடியாமத்தான் போவேன்.

ஒரு ஞாயிறு மழைன்னு கடைய சீக்கிரம் அடைச்சிட்டாங்க. வீட்டுக்கு வந்தா அண்ணி லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்காங்க. ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி தட்டறாங்க. ஸ்கிரீன்ல அண்ணே பேர்.

"அண்ணி, நீங்களா மாத்தறது?"

அவங்க திரும்பல. "நீ ஏன் தம்பி அவரு பேர எடுத்தே?"

"அம்மா அழறாங்க அண்ணி."

"நானும்தான் அழறேன். அதுக்கு பேர எடுத்துடுவியா? ஐசி அடையாள கார்டுலேர்ந்து எடுத்தாச்சு, வேல எடத்துலேர்ந்து எடுத்தாச்சு. இதுலயாவது இருக்கட்டும்னு ஒவ்வொரு வாரமும் நான் போட்டுட்டுப் போறேன். நீ எடுத்துக்கிட்டே இருக்கே."

அண்ணி எங்க அண்ணன பேர் சொல்லி கூப்ட்டதே இல்ல. "இங்க பாருங்க"தான். "கேக்குதா"தான். அண்ணே கிண்டல் பண்ணுவான், "பேர் சொல்லு, ஒரு தடவ சொல்லு, பத்து வெள்ளி காசு தரேன்"னு. அவங்க மூஞ்ச திருப்பிப்பாங்க. ஆஸ்பத்திரி கவுன்டர்ல நோயாளி பேர் என்னன்னு கேட்டப்பகூட அவங்க என்னத்தான் பாத்தாங்க, நான்தான் சொன்னேன். வாயால சொல்லாத பேர இங்க வந்து விரலால எழுதிக்கிட்டு இருந்திருக்காங்க.

நான் வாங்கிட்டு வந்த டிஸ்க தொறந்து பாத்தேன். அதுவரைக்கும் ஓடுற கோட்ட மட்டும்தான் பாத்திருக்கேன், உள்ள என்ன இருக்குன்னு பாத்ததே இல்ல. உள்ள அண்ணே பேர்ல ஒரு போல்டர். என் பேர்ல ஒண்ணு. திரும்ப அவன், திரும்ப நான். எத தொறந்தாலும் முதல்ல அதே கல்யாணம், அதே பொண்ணு, அதே வாழ மரம். ஒவ்வொரு தடவையும் கேட்ட கேள்விய அப்பத்தான் எழுத்துக் கூட்டி படிச்சேன். இது புது கம்ப்யூட்டர், முதல்லேர்ந்து ஆரம்பிக்கவான்னு கேட்டிருக்கு. நான் ஓகேன்னு அமுக்கியிருக்கேன். அண்ணியும் ஓகேன்னுதான் அமுக்கியிருக்காங்க.

"பேர் மாறுனா அதுக்கு ஆளே வேற, அண்ணி. அதான் முதல்லேர்ந்து போகுது."

அண்ணி அந்த போல்டருங்கள ஒவ்வொண்ணா எண்ணுனாங்க. "அப்ப நம்ம ரெண்டு பேரும் சேந்துதான்" அப்படின்னு ஆரம்பிச்சாங்க, முடிக்கல.

அம்மா வாசப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. "அவன் பேரே இருக்கட்டும். நான் டிவிய போடல" அப்படின்னு மட்டும் சொன்னாங்க. ரிமோட்ட எடுத்து அரிசி டப்பா மேல வெச்சிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டுல சீரியல் ஓடல.

நான் அண்ணே பேர்ல இருந்ததுலயே அதிகமா போயிருந்த போல்டர காட்டி, அதுலேர்ந்தே தொடர சொன்னேன். முதல் தடவையா அது முதல்லேர்ந்து போகல. நின்ன எடத்துலேர்ந்து போச்சு. ஃபேன் சூட்டத்தான் தள்ளிக்கிட்டு இருந்துச்சு, அம்மா ஈரத் துண்ட மடிச்சு லேப்டாப்புக்குக் கீழ வெக்கப் பாத்தாங்க. நான் புடுங்கிட்டேன். அந்த வாரம் நடுவுல ஒருநாள் டிக் டிக் சத்தம் நின்னுச்சு. அது நின்னதுல முதல்ல எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் ஸ்கிரீன் கருப்பா இருக்கறத பாத்தேன். திரும்ப அது எந்திரிக்கல.

பிரிக்பீல்ட்ஸ் ஆன்டிகிட்ட கொண்டு போனேன். காதுல வெச்சு கேட்டாங்க. "போயிடுச்சு தம்பி." லேப்டாப்ப என் பக்கம் தள்ளிட்டு, "எவ்ளோ எடுத்தே?"ன்னாங்க.

"கொஞ்சம் இருக்கு ஆன்டி."

"இருக்கறத வெச்சுக்கோ."

நாங்க வீணாக்குன வாரம் எல்லாம் ஒழுங்கா ஓடியிருந்தா முழுசா வந்திருக்கும். இத நான் யார்கிட்டயும் சொல்லல. அண்ணியும் சொல்லல. ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஞாயித்துக்கிழமை அண்ணி வந்தாங்க. அம்மாவே ரிமோட்ட அரிசி டப்பா மேலேர்ந்து எடுத்தாங்க. டிஸ்க டிவியில தொறந்து குடுத்தேன். மீதி எல்லாத்தையும் நான் அழிச்சிட்டிருந்தேன், அண்ணே பேர்ல ஒண்ணு, என் பேர்ல ஒண்ணு மட்டும் மிச்சம். அம்மா கண்ணாடிய அடுப்படியில வெச்சிட்டு வந்துட்டாங்க, கண்ண சுருக்கிக்கிட்டு டிவிய பாத்தாங்க.

"எதும்மா அமுக்கணும்?"

அண்ணி தரைய பாத்துக்கிட்டே, "உங்க மகன் பேர்ல இருக்கறது அத்தை."

"ரெண்டுமே என் மகன் பேர்தானே இருக்கும்."

நான் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லல. வெளிய மழைக்கு மேகம் கட்டிக்கிட்டு இருந்துச்சு. அண்ணி புடவ தலப்ப வாய்கிட்ட கொண்டு போனாங்க. அப்புறம் எங்க அண்ணன் பேர சொன்னாங்க. சத்தமா இல்ல. யாரோ தெரியாத ஆளு பேர சொல்ற மாதிரி சொன்னாங்க.

அம்மா அமுக்குனாங்க.

கடைசியா ஏறுன கல்யாணம் வந்துச்சு. ஒரு மண்டபம். பொண்ணு மாப்பிள்ள யாருன்னு எங்களுக்குத் தெரியாது. ஒருத்தர் கேமராவ மறைச்சுக்கிட்டு நிக்கறாரு. "அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா. ஆ, அங்கதான். அப்படியே இருங்க, போகாதீங்க, இப்ப தாலி…"

அதோட நின்னுச்சு. அதுக்கு மேல காப்பி ஆகல. அம்மா ரிமோட்ட கீழ வெக்காம அப்படியே பிடிச்சிருந்தாங்க. அண்ணிதான், "முதல்லேர்ந்து போடுங்க அத்தை"ன்னாங்க.