பின்னால் நடந்து பழகிய பங்களா

போன வாரம் பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் தரை மெழுகு வாடை மூக்கில் ஏறியது. அதோடு எனக்குத் திக்குத்திசை தெரியாமல் போய்விட்டது. என் மகள் யாழினிக்கு அங்கே பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. மாடியில் நடக்கிறது, தாமதமானால் இடம் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள்.

"வழியெல்லாம் கேக்க வேணாம். கண்ண மூடிக்கிட்டே போவேன் நானு" என்று காரிலேயே பெருமை அடித்திருந்தேன்.

பொய்யில்லை. முன்பு அது எங்கள் தோட்டத்துத் துரை பங்களா. ரப்பருக்கு முன்னால், காப்பி போட்ட காலத்தில், விக்டோரியா மகாராணி இருந்தபோதே கட்டியதாம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கூரை, வாசலுக்கு மேல் சிவப்பும் பச்சையுமாய்க் கண்ணாடி, இரும்புத் தூண்கள். வெள்ளைக்காரர் போய் நம் நாட்டு மேனேஜர் வந்த பிறகும் அவர் எங்களுக்குத் துரைதான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் வேலைக்குப் போனது அங்கேதான்.

நுழைந்ததும் இடப்பக்கம் மாடிப்படி. என் நினைவு அப்படித்தான் சொன்னது. போனால் போட்டோகாப்பி மிஷின் நிற்கிறது. அடுத்த கதவு கழிப்பறை. கேட்கலாமென்றால் காவலுக்கு இருக்கும் ஜாகா நாற்காலியில் ஆளில்லை.

"அம்மா, சாலா லா, தப்பான வழி இது! மணி ஆவுது."

பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ வீட்டையே யாரோ திருப்பி வைத்துவிட்ட மாதிரி குழப்பம். பெரிய கூடத்தை வேறு பலகை வைத்து அடைத்து அறை அறையாக ஆக்கியிருந்தார்கள்.

அந்த மெழுகு வாடைதான் கைகொடுத்தது. தரை தேய்ப்பதுதான் அங்கே என் வேலை. பாதித் தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்து, முன்வாசலில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து குசினிக் கதவுவரை வரவேண்டும். சமையல்காரப் பாப்பாத்தியக்கா குசினியிலிருந்தே கத்துவார்.

"ஏய், பின்னால வாடி! தேச்ச எடத்துல கால வச்ச, தொர கொன்னுருவாரு!"

நீங்கள் சிரிப்பீர்கள். யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாக நான் ஒரு நாளும் வந்ததேயில்லை. எனக்குத் தெரிந்த இடப்பக்கம், பின்னால் நடக்கும்போது வரும் இடப்பக்கம்.

ஓடிப்போய் முன்வாசலில் நின்றேன். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

"என்னம்மா பண்ற? மாலு லா, எல்லாரும் பாக்குறாங்க!"

வெட்கமெல்லாம் பார்க்க நேரமில்லை. இடது கை போன இடத்தில் ஒரு பலகைக் கதவு. திறந்தால் அதே பழைய படி. யாழினி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

கால் பழக்கம் விடவில்லை. நான் பின்னாலேயே நடந்து கொண்டிருந்தேன், முதுகு சுவரில் முட்டும்வரை. அங்கே முன்பு குசினிக் கதவு இருந்தது. அதைத் தாண்டினால் கூரை போட்ட நடை, அதன் கோடியில் இருந்த குசினியில் பாப்பாத்தியக்கா மங்குக் கோப்பையில் ஊற்றி வைத்திருக்கும் தேநீர். இப்போது வெள்ளைச் சுவர். சுவரில் ஒரு பலகை. பழைய வீட்டை அப்படியே காப்பாற்றி வைத்திருப்பதாக மலாயில் எழுதியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. தேர்வு முடியும்வரை அங்கேயே சாய்ந்து நின்றேன்.

"எடம் கெடச்சிருச்சும்மா!" யாழினி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "ஏன் செவுத்துல சாஞ்சு நிக்கிற?"

"இங்க கதவு இருந்துச்சு, யாழினி."

"அதான் முன்வாசல் இருக்கே. வா, போலாம்."

கையைப் பிடித்து முன்வாசல் வழியாகவே கூட்டிப் போனாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். தார் போட்ட தரையில் வரிசையாகக் கார்கள். பாப்பாத்தியக்காவின் அடுப்பு எந்தக் காருக்கு அடியில் இருந்தது என்று எவ்வளவு நேரம் நின்று பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.