வலிக்காத விரல்

அமலநாதனுக்குக் கித்தார் பைத்தியம் பிடித்தபோது வயது முப்பத்தொன்று. துறைமுகப் பக்கம் ஒரு கடலைக் கிடங்கில் அவனுக்கு வேலை. கப்பலேறப் போகும் மூட்டைகளின்மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்துத் தார் மையில் குறி போடவேண்டும். வலது கை எந்நேரமும் கறுப்பாக இருக்கும். இடது கைக்குத் தகட்டைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை கிடையாது.

1933ஆம் வருடம் பொங்கல் கழிந்து, பிரான்சுக்குத் திரும்பிப் போன ஒரு குடும்பம் தன் சாமான்களை ஏலம் விட்டது. முதலாளி எடுத்த மேசை நாற்காலிகளைத் தூக்கி வரப் போன இடத்தில், கேட்பாரில்லாமல் கிடந்த கித்தாரை அமலநாதன் கேட்டு வாங்கிக்கொண்டான். ஏன் வாங்கினான் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. ஏலக்காரன் அதை நகர்த்தி வைக்கும்போது கை பட்டு ஒரு தந்தி ஒலித்தது. அது அடங்கும்வரை அவன் அங்கேயே நின்றிருந்தான். நடந்தது அவ்வளவுதான்.

சம்பா கோவில் என்ற மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் அதை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை. "இத வெச்சிகிட்டு இன்னா பண்ணப் போறீங்க?" என்று அவன் மனைவி ஞானமேரி கேட்டாள். மூன்று வயது மகள் சகாயசெல்வி அதன் ஓட்டைக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கிப் பார்த்தாள்.

கற்றுக்கொடுக்க வந்தவன் பக்கிரி. அமலநாதனைவிட ஏழு வயது இளையவன். சைகோன் கப்பலில் சமையல்கட்டு ஆளாக இருந்துவிட்டு, இப்போது கடற்கரை ஓட்டல் ஒன்றில் பரிமாறிக்கொண்டிருந்தான். கல்யாண விருந்துகளில் வாசிக்கும் ஐந்து பேர் குழுவில் அவனும் ஒருவன். மாண்டலின் வாசிப்பான். குழுவில் கித்தார் வாசித்தவர் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது.

"மொதல்லயே சொல்லிட்றேன் அண்ணே, மூணு மாசத்துக்கு எடது கை வெரல் நுனியெல்லாம் புண்ணாப் பூடும். சட்டைக்குப் பித்தான் போட முடியாது, தண்ணி பட்டா உயிர் போவும். பாதிப் பேரு அதுலயே உட்டுட்டு ஓடிடுவான். தாண்டிட்டீங்கன்னா நுனி காச்சிப் பூடும், அப்புறம் ஒண்ணும் தெரியாது" என்றான் பக்கிரி.

அமலநாதன் ஓடவில்லை. காலையில் கிடங்குக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், மாலையில் வந்து குளித்துவிட்டு இரண்டு மணி நேரம் என்று உட்கார்ந்தான். பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் பிடிகளை ஒவ்வொன்றாகப் பழகினான். பக்கிரி சொன்னபடியே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தடித்து, வெடித்து, நெருப்பாக எரிந்தன. ஆனால் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலின் ஒரு பக்கமும் எரியவே இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் எந்தத் தொந்தரவும் தரவில்லை.

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாருக்கும் சுண்டுவிரல்தான் சண்டித்தனம் பண்ணும்னு சொன்னியே, எனக்குப் பாரு, அதான் நல்ல புள்ள" என்று பக்கிரியிடம் விரலை நீட்டிக் காட்டினான். பக்கிரியும் அதிசயப்பட்டான். "உங்களுக்குன்னே செஞ்ச வெரலு அண்ணே!"

ஏப்ரல் மாதம் சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. நீட்டினால் முழுதும் நீளவில்லை. எட்ட வேண்டிய தந்தியை எட்டாமல் உள்பக்கமாக மடங்கிக்கொண்டது. பழக்கம் போதவில்லை என்று அமலநாதன் நினைத்தான். ஒரு மூங்கில் சிம்பை வைத்து விரலை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். மாலையில் அவிழ்த்துவிட்டு, அந்த ஒரு விரலை மட்டும் வைத்து மேலும் கீழுமாக நூறு தடவை, இருநூறு தடவை அழுத்தினான். விரலில் தந்தி வெட்டிய கோடுகள் விழுந்தன. வலியில்லாததால் அவன் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கொஞ்சம் உட்டுதான் புடிங்களேன். வெரலப் பாத்தா எனக்கே பகீர்னுது" என்றாள் ஞானமேரி.

"எனக்கு வலிக்கலியே. உனக்கு ஏன் வலிக்குது?" என்று சிரித்தான்.

மே மாதம் நெல்லித்தோப்பில் ஒரு கல்யாணம். பூசை முடிந்து பகல் விருந்துக்கு வாசிக்கப் போன குழுவில் முதல் தடவையாக அமலநாதனும் உட்கார்ந்தான். வெளுத்த சட்டையும் இரவல் கோட்டும் போட்டிருந்தான். ஞானமேரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தலின் ஓரத்தில் நின்றாள். முதல் இரண்டு பாட்டுகள் நன்றாகவே போயின. மூன்றாவது, ஜோடியாகச் சுற்றி ஆடும் மெட்டு. அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். தன் கையிலிருந்து புறப்படும் தாளத்துக்கு ஐம்பது பேர் காலெடுத்து வைக்கிறார்கள் என்ற நினைப்பே அவனுக்குப் போதுமாக இருந்தது.

பக்கிரி வாசிப்பதை நிறுத்திவிட்டது அவனுக்கு முதலில் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது பக்கிரி அவனுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கித்தாரின் கழுத்து முழுவதும் ரத்தம். கோட்டுக்கு வெளியே தெரிந்த வெள்ளைச் சட்டையின் கைநுனி நனைந்து சிவந்திருந்தது. சுண்டுவிரலின் சதை எலும்புவரை பிளந்திருந்தது.

"அண்ணே, வலிக்கலியா?"

"இல்லியே."

"நெசமாவே வலிக்கலியா?"

அமலநாதன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாரோ ஒருவருடைய விரலைப் போல இருந்தது. பக்கிரி எழுந்து இரண்டடி தள்ளி நின்றான். அவன் கப்பலில் இப்படி ஒருவனைப் பார்த்திருக்கிறான். அடுப்பின்மேல் கையை வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தவன். அடுத்த துறைமுகத்தில் அவனை இறக்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டுப் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார். தேமல் என்று அமலநாதன் நினைத்திருந்த முழங்கை வெளுப்பைப் பார்த்தார். முழங்கை மூட்டின் பின்புறம் தடவி, கயிறு மாதிரி தடித்திருந்த நரம்பை உருட்டிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"ஊசியால தொடுவேன். தொடும்போதெல்லாம் சொல்லு."

அமலநாதன் காத்திருந்தான். டாக்டர் ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தான். வெகு நேரமாகி, பொறுக்கமாட்டாமல் கண்ணைத் திறந்தான். உள்ளங்கை ஓரத்திலும் விரலிலும் பத்துப் பன்னிரண்டு ரத்தப் புள்ளிகள் வரிசையாக இருந்தன.

"எத்தனை நாளா உணர்ச்சி இல்லை?" என்று கேட்டார் டாக்டர்.

"டாக்டர் முசே, அது எனக்குக் கித்தார்னால வந்த வரம்னு நெனச்சேன்" என்றான் அமலநாதன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

தொழுநோய் என்று தெரிந்த பத்து நாட்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிடங்கில் உள்ளே விடவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். பக்கிரி வரவில்லை, சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். உழவர்கரையிலிருந்து ஞானமேரியின் அண்ணன் அருளானந்தம் மாட்டுவண்டியோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"மாப்ள, நான் உன்னக் கொறை சொல்லல. கொழந்த இருக்குது. அத மட்டும் யோசி."

ஞானமேரி போகமாட்டேன் என்றாள். அந்தப் பத்து நாளும் அவனுடைய புண்ணைக் கழுவிக் கட்டியவள் அவள்தான். அமலநாதன்தான் பிள்ளையின் துணிமூட்டையைக் கட்டி வண்டிக்குப் பக்கத்தில் வைத்தான். "போ, மேரி. மச்சான் சொல்றது சரி" என்றான். வண்டி திரும்பும்போது பிள்ளை அவனிடம் தாவ முயன்றது. அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

ஊருக்கு வெளியே தொழுநோயாளிகளுக்கான இல்லத்தில் அவனுக்கு ஒரு பாய் போடும் இடம் கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு முறை நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகக் குத்தினார்கள். அந்த ஊசி மட்டும் நன்றாக வலித்தது. கித்தாரை அவன் கொண்டுபோயிருந்தான். அதை வேறு யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதால் தடை சொல்லவும் ஆளில்லை. புண் ஆறாமல் அழுகி, வருடக் கடைசியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மிச்ச விரல்களில் மூன்று பிடிகள் பிடிக்க முடிந்தது. பக்கத்துப் பாயில் இருந்த பாவாடை என்கிற கிழவர், "போதும், நிறுத்துப்பா" என்று சில நாள் கத்துவார், சில நாள், "ஏன் இன்னிக்கு வாசிக்கல?" என்று கேட்பார்.

மறு வருடம் ஆடி மாதத்தில் பக்கிரி வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அண்ணே, நான் பயந்துட்டேன்."

"பயப்படாம இருந்தா நீ முட்டாள்."

"எனக்கு ஒண்ணும் இல்லியாம். டாக்டர் பாத்துட்டாரு."

"நல்லதா போச்சு, தம்பி."

பக்கிரி புதுத் தந்திகளையும் வழவழப்பான ஓர் இரும்புத் துண்டையும் காகிதத்தில் சுற்றி வேலிக்கு மேலே எறிந்தான். கித்தாரை மடியில் படுக்கப் போட்டு, தந்திகளை அழுத்தாமல் இரும்பால் மேலே வழுக்கிக்கொண்டு போகிற ஒரு வாசிப்பை அவன் சைகோனில் பார்த்திருந்தான். அங்கிருந்தபடியே கத்திக் கத்திச் சுருதி சேர்க்கச் சொல்லிக்கொடுத்தான். "ரெண்டாவது தந்திய எறக்குங்க! இன்னும்! ஆங், நில்லுங்க!" வெயில் சாயும்வரை இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இரும்பைப் பிடிக்கக் கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும். அமலநாதன் மறுபடியும் நாள் தவறாமல் உட்கார்ந்தான். மூன்று வருடம் வாசித்தான். 1937இல் வலது கையிலும் மரத்துப்போவது தொடங்கியது. இந்தத் தடவை அவனுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்கடுத்த ஈஸ்டருக்கு ஞானமேரி மகளோடு வந்தாள். அதுவரை தனியாகத்தான் வந்துகொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே எட்டு வயதுப் பெண் புதுப் பாவாடை சட்டையோடு நின்றாள். "அப்பா வாசிப்பாரு, கேளு" என்றாள் ஞானமேரி.

அமலநாதன் கித்தாரை மடியில் போட்டு வாசித்தான். அவனுக்குத் தெரிந்ததிலேயே நல்லதைத்தான் வாசித்தான். பாதியில் நிமிர்ந்து பார்த்தபோது சகாயசெல்வி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல நகர்ந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அவன் இரும்புத் துண்டைக் கீழே வைத்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளின்மேலும் போட்டு மூடிக்கொண்டான்.

"எத்தனாவது படிக்கிற, பாப்பா?" என்று கேட்டான்.

ஞானமேரிதான் சொன்னாள்.