காசிம் பாய் கேட்ட காத்து

சாவுச் செய்தி வந்தபோது கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சுண்டுவிரலால் தள்ளிக் காதில் வைத்தால் மாணிக்கத்தின் குரல். "பாய் பூட்டாருடா" என்றான். எந்தப் பாய் என்று நான் கேட்கவில்லை. செஞ்சியில் எத்தனையோ பாய்மார்கள் உண்டு. போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்த எங்களுக்கு ஒரே பாய், காசிம் பாய்தான்.

அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அந்த மோட்டாரை இன்னும் சேர்க்கவில்லை. அதன் சொந்தக்காரர் தினமும் வந்து திட்டிவிட்டுப் போகிறார். இதை எழுதும்போதும் இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், திரும்ப வருகிறேன். பாயோடு வேலை பார்த்தவர்கள், அவர் போட்ட போரில் தண்ணீர் குடித்தவர்கள், தண்ணீர் வராததற்கு அவரைத் திட்டித் தீர்த்தவர்கள் என்று செஞ்சியைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில், கிணறெல்லாம் வறண்டு ஆளாளுக்குப் போர் போட அலைந்த காலத்தில், பாய் ரிக் வண்டியில் டிரில்லர். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அவரோடு கம்ப்ரசர் ஓட்டினேன். பாறையைத் துளைப்பது அவர் வேலை, துளைக்கும்போது காற்றைக் கொடுப்பது என் வேலை. குழிக்குள் காற்றை அழுத்தி அனுப்பினால்தான் உடைந்த கல்தூள் மேலே வந்து கொட்டும். காற்று நின்றால் தூள், ராடின் முனையில் பாறையைக் கொத்தும் பிட்டைச் சுற்றி இறுகி, பிட்டும் ராடும் பூமிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் பாய் "காத்து" என்று ஒரு சத்தம் போட்டால் நான் எதைச் செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வால்வைத் திறக்க வேண்டும். இஞ்சின் இரைச்சலில் குரல் எட்டாவிட்டால் உள்ளங்கையை மேல்நோக்கித் தூக்கிக் காட்டுவார். சேர்ந்த புதிதில் ஒருமுறை "இன்னா பாய்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். "இன்னா ஏதுன்னு நீ கேக்கறதுக்குள்ள பிட்டு பூடும்பா. எங்கொரலு காதுல வியுந்ததும் காலு ஓடணும்" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீயை நின்றபடிதான் குடிப்பார். அதுவும் இரண்டடி இந்தப் பக்கம், இரண்டடி அந்தப் பக்கம். "கிளாசோட பஸ் ஏறிடாத பாய்" என்று டீக்கடைக்காரர் கிண்டல் செய்வார். ஒருநாள் நிஜமாகவே ஏறிவிட்டார். மேல்மலையனூர் அமாவாசைக்கு விட்ட ஸ்பெஷல் பஸ் அது, ஏகப்பட்ட கூட்டம். தெரிந்தவர் ஒருவரிடம் பேசிக்கொண்டே படியில் கால் வைத்தவர், கூட்டம் தள்ளியதில் உள்ளே போய்விட்டார். கிளாஸ் மறுநாள்தான் கடைக்குத் திரும்பி வந்தது.

ஊர் ஊராகச் சுற்றும் எங்களுக்குப் பைப் லாரிதான் வீடு. ரிக்கோடு கூடவே வரும் அந்த லாரியில் ராடும், குழிக்குள் இறக்கும் கேசிங் பைப்பும் ஒரு பக்கம் கிடக்கும். நாங்கள் நாலு பேர் இன்னொரு பக்கம். பாய், நான், ராடு தூக்கிக்கொண்டே சமையலையும் பார்த்த மாணிக்கம், அவனோடு ராடு தூக்கிய எல்லப்பன். மேலே தார்ப்பாய் கூரை. பின்பக்கம் தொங்கும் தார்ப்பாய்தான் கதவு. வேண்டுமானால் சுருட்டி மேலே செருகலாம், வேண்டாமென்றால் இறக்கிக் கயிறு போட்டுக் கட்டலாம். கேசிங் பைப்பில் வெட்டிய ஒரு துண்டுக்கு அடியில் கம்பி வைத்து வெல்டிங் அடித்ததுதான் எங்கள் அடுப்பு. வெயில் காலத்தில் அது வெளியே மரத்தடியில் இருக்கும். கார்த்திகை பிறந்துவிட்டால் லாரிக்குள் வந்துவிடும். வேலிக்காத்தான் விறகு நனைந்தால் புகை கண்ணைப் பிடுங்கும் என்பதால் மழைக்காலத்துக்குக் கரி வாங்கி மூட்டையில் வைப்போம். லாரியின் தரை பலகை. அது தீப்பிடிக்காமல் இருக்க அடியில் மண்ணைக் கொட்டி, செங்கல் அடுக்கி, அதன்மேல் அடுப்பை வைப்பான் மாணிக்கம். சமையல் முடிந்ததும் கங்குகளைச் சாம்பலால் மூடிவிடுவான். விடியற்காலையில் சாம்பலைத் தள்ளி ஊதினால் வெந்நீருக்குக் கனல் தயாராக இருக்கும்.

கதவுத் தார்ப்பாயால் மாணிக்கத்துக்கும் பாய்க்கும் தீராத வழக்கு. இவன் கட்டுவான், அவர் அவிழ்ப்பார். இவன் இறக்குவான், அவர் சுருட்டுவார். சாரல் எங்கள் மேல் அடிக்கும்.

"குளுருது பாய். மூடிக்கினு படுத்தா இன்னா? கரியில பொகையே இல்லியே."

"பொக இல்லன்னா இன்னாப்பா, நெருப்பு இருக்குதில்ல? அதுக்கும் மூச்சு வேணும். உள்ள நாம நாலு பேரு இல்ல, அஞ்சு பேரு. அந்த அஞ்சாவது ஆளுதான் ரொம்பத் தின்றவன்."

"அஞ்சாவது ஆளு ராடு தூக்குவானா பாய்?" என்பான் எல்லப்பன்.

பாய் கதவோரமாகப் படுத்து ஒரு காலைத் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிவிடுவார். அந்தக் கால் இருக்கும்வரை கதவைக் கட்ட முடியாது. விடிந்து பார்த்தால் அது நனைந்து வெளுத்திருக்கும். அவர் எதையோ தெரிந்து செய்கிறார் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. மூடின இடத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளாது, அது அவருடைய அரிப்பு என்றுதான் நினைத்தோம். அவரும் அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

இப்போது அந்த மழையைச் சொல்ல வேண்டும். மேல்மலையனூர் தாண்டி, மல்லாட்டை பிடுங்கிவிட்டுச் சும்மா கிடந்த ஒரு கொல்லையில் துளைத்துக்கொண்டிருந்தோம். வழக்கமாக மார்கழியில் வராத மழை அந்த வருஷம் வந்தது. பாதிப் பாறையில் கம்ப்ரசர் இஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கி நின்றுபோனது. ராடு குழிக்குள் மாட்டிக்கொண்டது. ரிக்கின் சக்கரங்கள் அச்சுவரை சேற்றில் புதைந்தன. ஓடையில் வெள்ளம், பஸ் இல்லை. ராடை விட்டுவிட்டு ஊருக்குள் போய்ப் படுக்கவும் பாய் சம்மதிக்கவில்லை. நாலு பேரும் பைப் லாரிக்குள் அடைந்து கிடந்தோம். பாய் மட்டும் குடை கூட இல்லாமல் போய்ப் போய் ராடைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். வந்து, "புடிச்சிக்கினு விட மாட்டேங்குது" என்பார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் போவார்.

நனைந்து நனைந்து கடைசியில் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். வெளியே நீட்டின காலைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டார். "மாணிக்கம், மூடிடுப்பா. தாங்கல" என்றார்.

அந்த வார்த்தைக்காக மாணிக்கம் எத்தனை வருஷம் காத்திருந்தானோ. தார்ப்பாயை இறக்கி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினான். காற்று வந்த சந்திலெல்லாம் சாக்கைத் திணித்தான். அடுப்பைப் பாயின் பக்கத்தில் நகர்த்தி, புதுக் கரி போட்டு, ஊதிச் சிவக்க வைத்தான். லாரிக்குள் வந்த அந்தக் கதகதப்பை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அத்தனை சுகமாக இருந்தது.

கொல்லைக்காரர் வீட்டிலிருந்து ஒரு குண்டான் நிறைய வேகவைத்த மல்லாட்டை கொடுத்திருந்தார்கள். உரித்து உரித்துக் கடலையைத் தின்றோம். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. மாணிக்கமும் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "மல்லாட்ட ஓவரா தின்னுட்டோம்பா. பித்தம் ஏறிக்கிச்சு. படுங்க, சரியாப் பூடும்" என்றான் எல்லப்பன். எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. பகலிலேயே தூக்கம் கண்ணைச் சொருகியது. எழுந்து கதவைத் திறக்கிற ஒரே மனுஷன் காய்ச்சலில் கிடந்தார். நாங்கள் மூன்று பேரும் பித்தம் தெளியட்டும் என்று படுத்துவிட்டோம்.

"காத்து!"

இஞ்சின் இரைச்சலைத் தாண்டிக் கேட்குமே, அதே குரல். நான் விழித்தேன் என்று சொல்ல முடியாது. கால் எழுந்தது, நான் அதன் பின்னால் போனேன். கட்டின கயிற்றை அவிழ்த்தேனா, பிய்த்தேனா தெரியாது. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு சேற்றில் குதித்தேன், விழுந்தேன், எழுந்தேன். கம்ப்ரசர் வரைக்கும் போய் வால்வைத் திருகித் திறந்துவிட்டு, "தொறந்தாச்சு பாய்" என்று கத்தினேன். காற்றுச் சீறும் சத்தமே இல்லை. மழை மண்டையில் அடித்தது. அப்போதுதான் இஞ்சின் நின்று நாளாகிவிட்டது என்பது எனக்கு உறைத்தது.

திரும்பி லாரியைப் பார்த்தேன். நான் கிழித்துக்கொண்டு வந்த கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று உள்ளே புகுந்ததும் சாம்பல் பூத்துக் கிடந்த கரி ஒரே சிவப்பாகக் கனன்றது. அவ்வளவு நேரம் அந்த அடுப்புக்குக்கூட மூச்சு இல்லை. எங்கள் தலைவலி பித்தமில்லை, மூடின லாரிக்குள் கரி விட்ட விஷக்காற்று. அஞ்சாவது ஆள் என்று பாய் சொன்னது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

திரும்பி ஓடி ஏறி அடுப்பை உதைத்து வெளியே தள்ளினேன். மாணிக்கம் தவழ்ந்து வந்து சேற்றில் வாந்தி எடுத்தான். எல்லப்பனை எழுப்ப எழுப்ப எழவில்லை. காலைப் பிடித்து இழுத்து மழையில் போட்டுக் கன்னத்தில் அறைந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் இருமினான். பாயைத் தூக்கி லாரியின் ஓரத்தில் சாய்த்தேன். முகத்தில் சாரல் பட்டதும் கண்ணைத் திறந்தார்.

"வால்வ தொறந்தியா?"

"தொறந்தேன் பாய்."

"பிட்டு?"

"இருக்குது பாய்."

சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மழை விட்டு, இஞ்சினைச் சரிசெய்து, ராடைப் பெரும்பாடு பட்டு மேலே எடுத்தோம். அந்தப் போரில் தண்ணீர் வரவில்லை, வெறும் புழுதிதான் பறந்தது.

காசிம் பாய் நாலு உயிரைக் காப்பாற்றினார் என்று செஞ்சி கடைத்தெரு முழுக்கப் பேச்சு. உங்களில் பலர் இன்றும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் எதிரிலேயே யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நான் எங்கப்பா காப்பாத்தனேன்? காச்சல்ல பிட்டு மாட்டிக்கினா மாதிரி கனவு. கத்தனேன். இந்த மடையன் நின்னு போன கம்ப்ரசருக்கு ஓடுறான்" என்பார். எல்லப்பன் விட மாட்டான். "ஒருத்தரு கனவு, ஒருத்தன் மடத்தனம். அதுல பொயச்சவன் நானு" என்பான். அவன் இப்போது இருந்திருந்தால் இதை என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பான்.

பாய் அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைப் பார்ப்பார். என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தார். மழைக்காலம். அறையை அடைத்து, கட்டிலுக்கடியில் கரிச்சட்டி வைத்து, சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார் என் மாமியார். பாய் குழந்தையைக்கூடப் பார்க்காமல் நேரே போய் ஜன்னலைத் திறந்தார்.

"அய்ய, இன்னா பாய் நீ. பச்சப் புள்ளைக்குக் காத்து பட்டுடும்" என்றார் மாமியார். அவர் சொன்னது பேய் பிசாசுக் காற்று.

"படட்டும்மா. பட்டாதான் பொயக்கும்" என்றார் பாய். அவர் சொன்னது வேறு.

மாமியார் மாதக்கணக்கில் அவர் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் கரிச்சட்டியை அன்றே நான் வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

கடைசி வருஷங்களில் பாய்க்கு மூச்சு வாங்கியது. பத்தடி நடந்தால் நிற்பார். ஓர் இடத்தில் நிற்காத அந்த மனுஷனைக் கட்டிலில் பார்க்க என்னால் முடியவில்லை. நெஞ்சு முழுக்கக் கல்தூள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தத் தூள் எப்படி வந்தது என்று டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அவர் காத்து என்றார், நான் திறந்தேன், பூமிக்குள்ளிருந்து தூள் கிளம்பி வந்தது, பக்கத்திலேயே நின்றவர் அவர். எங்கள் நாலு பேரையும் பிழைக்க வைத்த அதே சொல்தான் வருஷக்கணக்கில் அவர் நெஞ்சை அடைத்திருக்கிறது. என்னைச் சும்மா உட்கார விடாமல் அலைக்கழிப்பது இதுதான்.

போன மாதம் போயிருந்தபோது அறையை இறுக்க மூடி வைத்திருந்தார்கள். "குளுரு ஆவாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு" என்றார் அவர் மனைவி. அவர் அடுப்படிக்குப் போனதும் பாயின் காதருகே குனிந்து, மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "நான் குடுத்த காத்துதானே பாய் உன்ன இப்படிப் பண்ணிச்சு."

பாய் என்னையே பார்த்தார். பேசக் குரல் இல்லை. போர்வைக்குள்ளிருந்து கை மெதுவாக வெளியே வந்தது. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பி, கட்டிலிலிருந்து கொஞ்சம் எழும்பியது.

இன்னா பாய் என்று நான் கேட்கவில்லை. எழுந்து போய் ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்தேன். தெருச் சத்தம் உள்ளே வந்தது. திரும்பிப் பார்த்தால், போர்வைக்கு வெளியே ஒரு காலை நீட்டியிருந்தார். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"தொறந்தியா?"

"தொறந்தேன் பாய்."

அவர் எனக்கு விட்டுப்போனது அந்த ஓட்டம்தான். இதை எழுதி முடிக்கும்போது வெளியே மழை. "மூடித் தொலைங்களேன், சாரல் அடிக்குது" என்று உள்ளேயிருந்து என் மனைவி சத்தம் போடுகிறாள். எழுந்து போகிறேன், ஜன்னல் வரைக்கும் போகிறேன். கை மூட மாட்டேன் என்கிறது.